திட்டம் முடிந்த பிறகு யார் வந்து பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலுக்கு வரும் பன்னாட்டு நிதி குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு வருகிறது, எதற்கு வருகிறது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. அந்தப் பணத்தால் விளைந்தது என்ன என்று யார், எப்போது வந்து பார்க்கிறார்கள் என்பதல்லவா வானம் பார்த்த பூமியில் இருக்கும் எங்களுக்கு முக்கியம்?

வளரும் நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு உதவ 1991-இல் தொடங்கப்பட்ட உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியம் (GEF), கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் சேர்த்து 2006-இல் கொள்கை வகுத்தது, 2010-இல் திருத்தியது, 2019-இல் இரண்டையும் தனித்தனிக் கொள்கைகளாகப் பிரித்தது. கண்காணிப்புக் கொள்கை செயலகத்தின் பொறுப்பு. மதிப்பீட்டுக் கொள்கையோ, செயலகத்துக்குக் கட்டுப்படாமல் நேரே ஆட்சிக்குழுவுக்கு அறிக்கை தரும் தனி அலுவலகத்தின் பொறுப்பு. இந்தப் பிரிவினையின் நியாயம் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லாமலே விளங்கும். பர்மாவில் கடை நடத்திய நாளில், அங்கே கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள் அவ்வப்போது எழுதி அனுப்பும் கணக்கு வேறு. மூன்றாண்டுத் தவணை முடிந்து அவர் ஊர் திரும்பும்போது ஐந்தொகையை, அதாவது வரவு செலவு இருப்பின் முழுக் கணக்கை, விரித்து முதலாளி பார்க்கும் கணக்கு வேறு.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை அடைபடவில்லை. நிதியத்தின் பெரிய திட்டங்களுக்கு இறுதி மதிப்பீடு கட்டாயம். அது திட்டம் முடிகிற வேளையில் நடக்கிறது. பலன் நிலைக்குமா என்பதற்கும் அப்போதே தரம் போட்டுவிடுகிறார்கள். அது நடந்ததைப் பார்த்துப் போட்ட தரமா? இல்லை, நடக்கும் என்ற நம்பிக்கைக்குப் போட்ட தரம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் வெளிநாட்டு நிதியில் வேலை நடந்தது. எத்தனை கனமீட்டர் மண் அள்ளினார்கள், எத்தனை கன்று நட்டார்கள் என்று எழுதிய பலகை கரையில் இன்னும் நிற்கிறது. மடையும், மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கும் நன்றாகவே இருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மட்டும் சீமைக்கருவேல் மண்டி, ஆள் நுழைய முடியாமல் கிடக்கிறது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் பாதியிலேயே பள்ளத்துக்கு ஓடிவிடுகிறது. இது முதல் ஆண்டில் தெரியாது. நாலைந்து மழைக்காலம் கழிந்தால்தான் தெரியும். மதிப்பீட்டாளர்கள் வந்து போன நாளில் அந்தக் கால் சுத்தமாக இருந்தது. அவர்கள் எழுதியதும் பொய்யில்லை.

நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளைக் காக்க இதே நிதியத்தின் உதவியோடு 2000-களில் ஒரு பெரிய திட்டம் நடந்தது. 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறி மடிந்தன. கடலும் கண்மாயும் திட்டக் காலத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

ஆகவே, கொள்கையை அடுத்துத் திருத்தும்போது, திட்டம் முடிந்து ஐந்தாண்டு கழித்து ஒருமுறை வந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து வைத்தால்தான் நடக்கும். பிறகு யாரும் தர மாட்டார்கள். வருகிறவர்கள் அலுவலகக் கோப்போடு திரும்பிவிடாமல், மடை திறக்கும் நீர்பாய்ச்சியிடமும் ஊருணியில் குடம் நிறைக்கும் பெண்களிடமும் கேட்கட்டும். எந்த மாதம் வரை தண்ணீர் நின்றது என்பதை அவர்களைவிடத் துல்லியமாக எந்தக் கருவி சொல்லும்? அறிக்கையைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். எங்கள் ஊர்த் திட்டத்தின் மதிப்பீட்டை இன்றுவரை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம்.

நிதியத்தின் ஆட்சிக்குழுவில் 32 இடங்கள். வங்கதேசம், பூடான், நேபாளம், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளோடு சேர்ந்து இந்தியாவுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. நமது பிரதிநிதி இந்தக் கோரிக்கையை அங்கே எழுப்ப மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த கட்டுரையில் தாங்களும் இதை வலியுறுத்தி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
காரைக்குடி வட்டம்.