பின்புறத் தோல் தொய்வுக்கு அறுவைச் சிகிச்சை: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியைத்தான் முதலில் இரண்டு முறை படித்தேன். சின்ன வயதிலிருந்தே அவள் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதம் இப்போது கைகொடுத்திருக்கிறது. என் ஆசிகளைச் சொல். இங்கே எல்லோரும் நலம். இரவுப் பணி குறைந்ததால் எனக்கும் தூக்கம் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்திருக்கிறது.

இனி நீ கேட்ட விஷயம், பின்புறத்தில் தொங்கும் தோலுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்பது. "இந்த வயதில் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை வசந்தி. 40 கிலோ எடையைக் குறைத்தவள் நீ. உடம்பு இளைத்துவிட்டது, தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகிறது, உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது, எந்த உடையும் சரியாகப் பொருந்தவில்லை என்கிறாய். பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் இதே குறைகளோடு வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அழகுக்கு ஆசைப்பட்டு வந்துவிட்டதாக யாரும் அவர்களை நினைப்பதில்லை.

என்னைக் கலங்கவைத்தது உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான். "வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்துப் பின்புறத்தில் நிரப்பிவிடுவோம், மாலையே வீட்டுக்குப் போய்விடலாம்" என்று அந்த கிளினிக்கில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். உனக்குத் தேவைப்படுவது அது இல்லை. பிட்டத்தை உயர்த்துவது என்று சொல்லி இரண்டு வெவ்வேறு சிகிச்சைகளைச் செய்கிறார்கள். ஒன்றில் தொங்கும் தோலையும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பையும் வெட்டி நீக்கி, மிச்சத்தை மேலே இழுத்துத் தைப்பார்கள். மற்றொன்றில் எதையும் வெட்டுவதில்லை. உடம்பின் வேறு பகுதியில் உறிஞ்சிய கொழுப்பை ஊசி வழியாகப் பிட்டத்துக்குள் செலுத்துவார்கள். பிரேசிலியன் பட் லிஃப்ட் என்று உலகம் முழுவதும் விளம்பரமாவது இந்த இரண்டாவது வகை. தோல் இறுக்கமாக இருந்து, வடிவம் மட்டும் தட்டையாக இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். உன்னைப் போல் தோல் தளர்ந்தவர்களுக்கு எவ்வளவு நிரப்பினாலும் தொய்வு போகாது. பாரம் கூடி இன்னும் கீழே இறங்கவும் கூடும்.

பொருந்தாது என்பதோடு போனால்கூட நான் இவ்வளவு பதற மாட்டேன். அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. பிட்டத் தசைக்கு அடியில் பெரிய சிரைகள் ஓடுகின்றன. கொழுப்பைச் செலுத்தும் குழாய் தசைக்குள் இறங்கி அந்தச் சிரைகளில் ஒன்றைக் கிழித்துவிட்டால், கொழுப்பு ரத்தத்தோடு கலந்து இதயத்தின் வலப்பக்கத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போய் அடைத்துக்கொள்ளும். அறுவை மேசையிலேயே ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த நிலையிலிருந்து மீட்பது மிகக் கடினம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் இறப்பதாகக் கணக்கிட்டது. அழகியல் அறுவைச் சிகிச்சைகளிலேயே மிக மோசமான கணக்கு அது. அதைப் பார்த்துத்தான் பிரிட்டனின் அழகியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2018இல், இதைச் செய்யவே வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொன்னது. 2022இல் அதைத் தளர்த்தியபோதும், கொழுப்பைத் தோலுக்கு அடியில் மட்டுமே செலுத்த வேண்டும், குழாயின் முனையை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2019இல் தசைக்குள் கொழுப்பைச் செலுத்தவே தடை விதித்தது. 2022இல், ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு நாளில் இதை மூன்று பேருக்கு மேல் செய்யக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. அந்த மாநிலத்தின் தென்பகுதியில் மட்டும் 2010க்கும் 2022க்கும் இடையே 25 பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குறைந்த கட்டணத்தில் நாளெல்லாம் அடுத்தடுத்து ஆட்களை மேசையில் ஏற்றி இறக்கும் கிளினிக்குகளுக்குப் போனவர்கள். களைத்த கையும் அவசரமும் சேர்ந்தால் குழாயின் முனை எங்கே போகிறது என்பதை யார் கவனிப்பார்கள்? "மாலையே வீட்டுக்குப் போய்விடலாம்" என்ற அந்தப் பேச்சில் எனக்குக் கேட்டது அந்த அவசரம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஆசை காட்டக்கூடும். திரவ சிலிக்கானை ஊசியால் போட்டு வடிவம் கொண்டுவருகிறோம் என்று யார் சொன்னாலும் அங்கே நிற்காதே. உடல் வடிவத்தை மாற்ற அதை ஊசியாகப் போடக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. உள்ளே போன சிலிக்கான் வேறு இடங்களுக்கு நகரும், கட்டியாகும், வருடங்கள் கழித்தும் புண்ணாகும். அதை முழுதாக வெளியே எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

சரி, உனக்குப் பொருந்தும் சிகிச்சைக்கு வருகிறேன். தோலை நீக்கும் இந்த முறை புதியது அல்ல. 1960களிலேயே பிரேசிலின் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் ஐவோ பிடாங்கி தொடை, பிட்டப் பகுதிக்கான முறைகளை மருத்துவ உலகுக்கு எழுதி வைத்தார். சிகிச்சைக்கு முன்பு உன்னை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். மருத்துவர் தோலைக் கையால் திரட்டிப் பிடித்து, எவ்வளவு எடுத்தால் தையல் இழுபடாமல் சேரும் என்று பார்த்துப் பார்த்து வரைவார். படுத்துவிட்டால் சதை இடம் மாறி அளவு தவறிவிடும், அதனால்தான் நிற்கவைத்து வரைவது. அந்த வேளை கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஆனால் அவசரமில்லாமல் அந்தக் கோடுகளைப் போடுகிற மருத்துவரை நம்பலாம் என்பது என் அனுபவம். பிறகு முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் பட்டை போல வெட்டி, தோலை நீக்கிவிட்டுக் கீழ்ப்பகுதியை மேலே இழுத்துத் தைப்பார்கள்.

தழும்பு நீளமாக இருக்கும். அதை யாரும் மறைத்துச் சொல்ல வேண்டாம். உள்ளாடைக்குள் அடங்கும்படி வைக்கப் பார்ப்பார்கள், முதல் மாதங்களில் சிவந்து தடித்திருக்கும், மங்குவதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். தோலை இழுத்துத் தைப்பதால் பின்புறம் முன்னைவிடத் தட்டையாகத் தெரியலாம். சில மருத்துவர்கள் வெட்டி எறியவேண்டிய திசுவையே உள்ளே மடித்துவைத்து உருண்டை கொண்டுவருகிறார்கள். உனக்கு அது முடியுமா என்று கேள். உன் உடம்பின் திசு, ரத்த ஓட்டத்தோடு அப்படியே இருக்கும், ஊசியால் எதையும் செலுத்தவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த முறை அது.

வயிற்றுத் தோலையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்கிறார்கள். ஆனால் இதை யோசி. வயிற்றுத் தையல் இழுபடாமல் இருக்க இடுப்பை வளைத்துப் படுக்க வேண்டும், பின்பக்கத் தையலுக்கோ குனியவே கூடாது. இரண்டுக்கும் நடுவே முதல் வாரம் ஒவ்வொரு முறை புரள்வதும் எழுவதும் பெரும் பாடாக இருப்பதைப் படுக்கையருகே நின்று பார்த்திருக்கிறேன். நேரமும் நீளும், ரத்த இழப்பும் கூடும். சேர்த்துச் செய்வதா, சில மாத இடைவெளியில் செய்வதா என்பதை உன் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும். என்னைக் கேட்டால், ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே உனக்கு நல்லது.

உன் எடை குறைந்தபடி இருந்தால் இப்போது வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் ஒரே அளவில் நின்ற பிறகே செய்துகொள்வது வழக்கம். எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரும்புச் சத்து, புரதம், பி12 வைட்டமின் எல்லாம் குறைந்திருக்கக்கூடும். அவை குறைந்த உடம்பில் தையல் எளிதில் சேராது. உன் ஹீமோகுளோபின் பழைய கணக்கு எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பிரின், வலி மாத்திரைகள், மூலிகை மருந்துகள், ஹார்மோன் மாத்திரைகள் என எதையெல்லாம் எடுக்கிறாயோ முழுப் பட்டியலையும் மயக்க மருந்து நிபுணரிடம் கொடு. எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்வார், நீயாக நிறுத்தாதே. வீட்டில் யாராவது புகைக்கிறார்கள் என்றால் அந்தப் புகையிலிருந்தும் விலகி இரு. நிக்கோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடும், இழுத்துத் தைத்த தோலுக்கு அது விஷம்.

பிறகு வரும் நாள்களைச் சொல்கிறேன். தோலுக்கு அடியில் நீர் தேங்காமல் இருக்க வடிகுழாய் வைத்திருப்பார்கள். அதன் முனையிலுள்ள குடுவையில் நாளுக்கு எத்தனை மில்லி சேர்ந்தது என்று குறித்துவைக்க வேண்டும். அளவு குறைந்து, நிறமும் சிவப்பிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு மாறி வரும். திடீரென்று மறுபடி கூடினாலோ சீழ் போல் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் பிட்டத்தில் பாரம் விழும்படி உட்காரக் கூடாது, குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வேண்டும். கழிப்பறையில் மட்டும் சற்று நேரம் உட்காரலாம். எத்தனை வாரம் என்பது மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். இறுக்க ஆடையைப் பல வாரம் போட்டிருக்கச் சொல்வார்கள். நடுமுதுகுக்கு நேர்கீழே, வால் எலும்புப் பக்கம்தான் தையல் பிரிவது அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு முறை குனியும்போதும் இழுபடுவது அந்த இடம். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பதைக்கூட முதல் மாதம் வேறு யாராவது செய்யட்டும்.

ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது. அறுவை முடிந்த அன்றே கையைப் பிடித்து நடக்கவைப்பார்கள், வலித்தாலும் மறுக்காதே. அசையாத காலில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடு. மகளிடமும் இதைச் சொல்லிவை, உன் வாயால் சொன்னால் அவள் மறக்கமாட்டாள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பயிற்சியும் பட்டமும் பெற்றவரா? எடை இழந்தவர்களுக்கு இதைச் செய்து, தழும்போடு இருக்கும் பழைய படங்களைக் காட்டுவாரா? சிக்கல் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? மயக்கம் கொடுப்பவர் யார்? இரவு இரண்டு மணிக்கு நீ அழைத்தால் யார் எடுப்பார்கள்? கேள்வி கேட்பதைப் பிடிக்காத முகம் தெரிந்தால் எழுந்து வந்துவிடு.

அந்த கிளினிக்குக்கு முன்பணம் எதுவும் கட்டாதே. வேறொரு மருத்துவமனையில் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுது. நாள் குறித்தால் முன்கூட்டியே சொல், விடுப்பு எடுத்து முதல் வாரம் உன்னோடு வந்து தங்குகிறேன். வடிகுழாயைப் பார்த்துக்கொள்ளவும் உன்னைப் பிடித்து எழுப்பவும் பழகிய கை இருப்பது நல்லது. அதற்குள் ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளின் படத்தை அனுப்பு, ஹீமோகுளோபினை முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சாரதா