சொல்லாமல் நகர்ந்த 4 மி.மீ.: உங்கள் கேட் (CAD, கணினியில் வரையும்) மென்பொருள் மீது ஒரு புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
கேட்/கேம் மென்பொருள் பிரிவு.

பொருள்: புதிய பதிப்பு மாடலின் அளவைத் தானாக மாற்றியதால் 60 காஸ்டிங் (வார்ப்புப் பாகங்கள்) வீணானது குறித்து.

ஐயா,

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை பதில் வந்த அன்றே, புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். என் பட்டறை மூலையில் வீணான எண்ட் கவர்கள், அதாவது மோட்டாரின் முனையை மூடும் வார்ப்புகள், அடுக்கியபடியே கிடக்கின்றன. அதனால் இந்த முறை கடிதமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது சின்னப் பட்டறை. கணினிக் கட்டளைப்படி கடையும் சி.என்.சி. லேத் ஒன்று, வெட்டித் துளையிடும் வி.எம்.சி. ஒன்று, என்னோடு இரண்டு பையன்கள். பம்ப்செட் மோட்டார்களுக்கு எண்ட் கவர் கடைந்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. மோட்டாரின் அளவைப் பொறுத்து 6304, 6305, 6306 என்று மூன்று பேரிங்குகள் வரும். வெளிவிட்டம் 52, 62, 72 மி.மீ.; அகலம் 15, 17, 19 மி.மீ. உருவம் ஒன்றுதான், அளவுகள்தான் வேறு. இப்படிப்பட்ட வேலைக்கென்றே பிறந்தது பாராமெட்ரிக் மாடலிங். ஒரே மாடல், பக்கத்தில் மூன்று வரி அட்டவணை. வரியை மாற்றினால் மாடல், படம், வெட்டும் கருவிப் பாதை, மெஷினுக்குப் போகும் ஜி-கோடு கட்டளைகள் எல்லாம் பின்னாலேயே மாறிவிடும். உங்கள் விற்பனைப் பிரதிநிதி இதைக் காட்டித்தான் எங்களிடம் சந்தா வாங்கினார். நான்கு வருடம் ஒழுங்காகவும் ஓடியது, அதை மறுக்கவில்லை.

போன மாதம் ஒரு காலை கணினியைத் திறந்தபோது புதிய பதிப்பு தானாகவே ஏறியிருந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சம்மதிக்கவில்லை. சரி, வழக்கமாக நடப்பதுதானே என்று 6306 வரியைத் தேர்ந்தெடுத்து மாடலைப் புதுப்பித்தோம். பச்சை டிக் வந்தது. ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

நடந்தது இதுதான். எண்ட் கவரின் ஸ்பிகாட் (மோட்டார் உடலுக்குள் நுழையும் வளையம்), ஃபிளாஞ்ச் (அதைச் சுற்றியுள்ள தட்டைப் பகுதி) முகத்தை விட 4 மி.மீ. உயர்ந்து நிற்கும். பேரிங் உட்காரும் குழியின் ஆழத்தை ஸ்பிகாட்டின் மேல்முகத்திலிருந்து 19 மி.மீ. என்று கொடுத்திருந்தோம். 6306 வரியில் மட்டும் ஸ்பிகாட்டில் எதிரெதிராக இரண்டு காடிகள் (பள்ளங்கள்) விழும். காடி விழுந்ததும் முழு வளையமாக இருந்த அந்த முகம் இரண்டு துண்டாகிவிடும். பழைய பதிப்பு அதில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு சரியாகவே கணக்கிட்டது. புதிய பதிப்புக்குப் பழைய முகம் எது என்று அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. அது பக்கத்திலிருந்த ஃபிளாஞ்ச் முகத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து 19 மி.மீ. அளந்துவிட்டது. ஸ்பிகாட்டிலிருந்து பார்த்தால் குழியின் ஆழம் 23 மி.மீ.

ஃபர்ஸ்ட் பீஸைச் சரிபார்க்கவில்லையா என்று உங்கள் இன்ஜினியர் கேட்டார். பார்த்தோம் ஐயா. படத்தில் 23 என்று அச்சாகியிருந்தது, டெப்த் வெர்னியரும் 23 என்றது. படமும் அதே கெட்டுப்போன மாடலிலிருந்துதானே வருகிறது! சிமுலேஷனும் ஓட்டினோம். அது கருவிப் பாதையை மாடலோடுதான் ஒப்பிடும். மாடலே தப்பு என்றால் அதற்கு எப்படித் தெரியும்? குழியின் விட்டம் 72 எச்7, அதாவது 0.03 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அதை ஒவ்வொரு பீஸிலும் போர் கேஜ் வைத்துப் பார்த்து மார்தட்டிக்கொண்டிருந்தோம். முப்பது மைக்ரானுக்குக் காவல் நின்ற இடத்தில் நாலாயிரம் மைக்ரான் களவு போயிருக்கிறது.

என் பக்கமும் ஒரு தவறு உண்டு. லேத்தில் நின்ற பையன், "அண்ணா, ஒரு பாஸ் சேர்ந்து ஓடுது" என்று சொன்னான், அதாவது ஒரு வெட்டு கூடுதல். புது வெர்ஷன், வேறு மாதிரி வெட்டும்போல என்று நானே சமாதானம் சொல்லிவிட்டேன். ஷெல்ஃபில் இருந்த பழைய பீஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கடைசியில் மோட்டார் கம்பெனியின் அசெம்பிளியில்தான் தெரிந்தது. பேரிங் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடியது. அடியில் 4 மி.மீ. வளையம் போட்டு ஒப்பேற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன். குழிக்குப் பின்னால் 9 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் 5 ஆகிவிட்டது, எடுக்க மாட்டோம் என்று, தொகையை என் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காஸ்டிங் 60-க்கு, ஒன்று ரூ.600 வீதம் ரூ.36,000. மெஷின் ஓடிய 30 மணி நேரத்துக்கு, மணிக்கு ரூ.500 வீதம் ரூ.15,000. ஆக ரூ.51,000.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்களில் முதலாவது, கோப்பு பழுதடைந்திருக்கலாம் என்றது. அதே கோப்பின் பழைய நகல் பக்கத்துப் பட்டறையில், பழைய பதிப்பில் 19 காட்டுகிறது. இரண்டாவது பதில், முகத்தைப் பிடிக்காமல், நகராத ஆதாரத் தளமான டேட்டம் பிளேனிலிருந்து அளவு கொடுத்திருக்க வேண்டும் என்றது. நல்ல யோசனைதான், இனி அப்படியே செய்வோம். ஆனால் நீங்கள் கொடுத்த பயிற்சிக் கையேட்டில் முகத்தைக் கிளிக் செய்துதான் அளவு கொடுக்கிறார்கள். அப்புறம் மூன்றாவது, கேட் மென்பொருள்களுக்குப் பொதுவான ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்து பழைய பதிப்பில் திறக்கச் சொன்னது. ஸ்டெப்பில் உருவம் மட்டும்தான் போகும். அட்டவணையும், மாடலைக் கட்டிய படிகளான அம்ச வரிசையும் உதிர்ந்துவிடும். நான் காசு கொடுத்தது அந்த அட்டவணைக்குத்தான்.

முகங்களின் அடையாளம் குழம்புவது கேட் உலகில் பழைய வியாதி, எனக்கும் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட்கூட 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு குறைத்திருக்கிறது. சந்தா வாங்கும் நீங்கள் முழுதாகக் குணப்படுத்தாவிட்டாலும் போகட்டும், வியாதி வந்தால் சொல்லவாவது வேண்டாமா?

பிடித்திருந்த முகம் மாறினால் புதுப்பித்தலை நிறுத்தி, எந்த அளவு எதிலிருந்து எதற்கு மாறியது என்று காட்ட வேண்டும். அந்தத் திருத்தம் வரும்வரை எனக்குப் பழைய பதிப்பை நிறுவும் கோப்பைக் கொடுங்கள், தானாக ஏறும் வசதியையும் நிறுத்துங்கள். ரூ.51,000-ஐப் பணமாகத் தரலாம், அல்லது வரும் சந்தாவில் கழிக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்காக வாங்கியது, நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

வீணான எண்ட் கவர் ஒன்றையும், சரியான பழையது ஒன்றையும் உங்கள் டீலர் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறேன். வெர்னியர் இருப்பவர் யாராவது அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

இணைப்பு: டெபிட் நோட் நகல், இரு பதிப்புகளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள், மாடல் கோப்பு, டீலர் ரசீது.