டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக, பொறி விழும் நேரத்தைக் கணினியில் புரோகிராம் செய்யக்கூடிய எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்தேன். கோயில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதைப் போன்றது இது என்று ஒருவர் வருந்துகிறார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டு சாலையோரம் நின்ற காலம் மலையேறிவிட்டது, எல்லாவற்றையும் பெயர்த்து எறியுங்கள் என்கிறார் மற்றவர். நான் இரண்டாமவர் சொல்வதைப் போல மாற்றிக்கொண்டவன். ஆனால் முதலாமவர் காக்கச் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டர் இன்றும் என் இன்ஜினிலேயே இருக்கிறது. அப்படி வைத்திருப்பதன் காரணத்தைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது தந்தையார் காலத்து அம்பாசிடர் மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்த வண்டியைத் தஞ்சை மாவட்டத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெல் விற்ற பணத்தில் வாங்கப்பட்டு, கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் நவக்கிரகக் கோயில் சுற்றுக்கும் ஓடித் தேய்ந்த வண்டிகள் இவை. என் வண்டி காட்சிப் பொருள் அன்று; வாரத்தில் நான்கு நாட்களாவது கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி வரை போய் வருகிறது. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், கொட்டகையில் போர்த்தி வைத்திருக்கும் வண்டிக்கு நான் சொல்லப்போவது எதுவும் தேவையில்லை.

ஐப்பசி அடைமழையில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ன பாடுபடுத்தும் என்பதை டெல்டாவில் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் அறிவார்கள். பேட்டரியின் மின்சாரத்தை உயர்த்தும் காயிலில் பிறக்கும் இருபதாயிரம் வோல்ட் மின்சாரம், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடுவிலிருந்து, உள்ளே சுழலும் ரோட்டாருக்கு இறங்கி, அதன் நுனியிலிருந்து ஒரு சிறு இடைவெளியைத் தாவி, ஒவ்வொரு பிளக்கின் வயருக்கும் போய்ச் சேர வேண்டும். கேப்பின் உள்ளே ஈரம் படர்ந்துவிட்டால் அது தாவ வேண்டிய இடத்தில் தாவாமல், ஈரத்தின் வழியே கசிந்து, போன வழியெல்லாம் கேப்பின் பேக்கலைட் பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடுகிறது. வலங்கைமான் அருகே ஒரு மழை இரவில் வண்டி நின்றபோது, கேப்பைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியது போல மெல்லிய கருப்புக் கோடு ஒன்று ஓடியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்தால் ஈரம் போகும். அந்தக் கோடு போகாது. கருகிய தடம் மின்சாரத்துக்குச் சாலையாகிவிட்டபின் புதிய கேப் போடுவதைத் தவிர வழியில்லை. இப்போது சந்தையில் கிடைக்கும் கேப்களோ முன்பு வந்தவற்றின் தரத்தில் பாதிகூட இல்லை.

ஈரம் மட்டுமே பிரச்சினையாக இருந்திருந்தால் ஒரு ரப்பர் உறையோடு சமாளித்திருப்பேன். உண்மையான கோளாறு தேய்மானத்தில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு டிகிரி திரும்ப நொடியில் 18,000-இல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் உறையான புஷ் தேய்ந்து, தண்டு பக்கவாட்டில் ஆடத் தொடங்கிய பிறகு, இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜை வைத்து எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் அந்த இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு விதமாகிவிடுகிறது. என் மெக்கானிக் கிராங்க் புல்லியின் குறியில் சுண்ணாம்பு தடவி, பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்துக் காட்டினார். நின்ற இடத்தில் நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விழச் செய்வதற்காக உள்ளே இருக்கும் எடைத்துண்டுகளின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. இன்ஜினின் சுமைக்கேற்ப டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, நகர்த்தும் வேக்குவம் டயாப்ரமும் கிழிந்திருந்தது. எழுபது வயதைக் கடந்த அந்த மெக்கானிக், பாயிண்ட்டின் ஒரு முனையில் குழியும் மறுமுனையில் மேடும் விழுந்திருப்பதைப் பார்த்தவுடனே பாயிண்ட்டைத் தீப்பொறியிலிருந்து காக்கும் கண்டன்சர் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் அதைச் சொல்ல ஆளில்லை.

முதலில் நானும் பலரைப் போலக் குறுக்கு வழியில்தான் போனேன். பாயிண்ட்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு சிறு எலக்ட்ரானிக் சென்சாரை வைக்கும் மலிவான கிட் ஒன்றை ஓர் இணையக் கடையில் வாங்கிப் பொருத்தினேன். ஒருநாள் இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தது. சிறிது நேரத்தில் அந்தக் கிட் சூடேறிச் செயலிழந்தது. மாற்றித்தர அக்கடை முன்வரவில்லை. நல்ல கிட்டுகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல கிட்டானாலும், அது பாயிண்ட்டை மட்டுமே மாற்றுகிறது. ஆடும் தண்டையும், தளர்ந்த ஸ்பிரிங்கையும், ஈரம் கசியும் கேப்பையும் அப்படியே விட்டுவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே இரண்டாவது முறை முழுமையாகச் செய்தோம். 36 பற்களுக்கு இடமுள்ள ஒரு சக்கரத்தில் ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு, 35 பற்களுடன் வெட்டச் செய்து, கிராங்க் புல்லியில் போல்ட் வைத்து முடுக்கினோம். பல்லுக்குப் பத்து டிகிரி. பல் இல்லாத அந்த வெற்றிடம் கடக்கும்போது கிராங்க் எங்கே இருக்கிறது என்பதைச் சென்சார் தெரிந்துகொண்டு, பொறி விழும் நேரத்தைக் கணக்கிடும் கன்ட்ரோலருக்குச் சொல்கிறது. பேட்டரி இறங்கி ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போதும் சிக்னல் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக, காந்தச் சுருள் வகையை விட்டுவிட்டு ஹால் சென்சாரையே தேர்ந்தெடுத்தேன். சென்சாரைத் தாங்கும் பட்டையை முதலில் மெல்லிய தகட்டில் செய்தது தவறு. அது அதிர்ந்ததால் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தது. ஆறு மில்லிமீட்டர் இரும்பில் மறுபடி செய்த பிறகே அடங்கியது. செம்புக் கம்பி பிளக் வயர்களின் மின் இரைச்சல் கன்ட்ரோலரைக் குழப்பியது. ரெசிஸ்டன்ஸ் வயர்களுக்கு மாறினோம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவின் நிலையற்ற மின்சாரம் போதாது என்பதால் ஆல்டர்னேட்டரும் போட வேண்டியிருந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் இணைத்த மிகப் பழைய ஆங்கிலேய வண்டிகளில் அதையும் முதலில் மாற்றியாக வேண்டும்.

பொறிக்கு இரட்டைக் காயில்கள். 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் இந்த இன்ஜினில் 1, 4 ஆகிய சிலிண்டர்களின் பிஸ்டன்கள் ஒன்றாக மேலே வரும். 2, 3 ஆகியவையும் அவ்வாறே. ஜோடியின் இரு பிளக்குகளிலும் ஒரே நேரத்தில் பொறி விழுகிறது. ஒன்று கலவையைப் பற்றவைக்கிறது, மற்றது புகையோடு வீணாகிறது. வீணாவதால் நட்டம் ஒன்றுமில்லை. ரோட்டாரும் கேப்பும் வேலையிழந்துவிடுகின்றன என்பதுதான் மழை ஊர்க்காரனான எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம். டைமிங்கோ மடிக்கணினியில் ஓர் அட்டவணை: ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் இன்ஜினின் சுமை. ஐட்லிங்கில் 10 டிகிரியில் தொடங்கி 3,000 சுற்றில் 30 டிகிரிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இதைச் செய்தால் வண்டி புதிய கார் போலப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிர்ந்த காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் சீராக இருக்கிறது, ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் தடுமாறுவதில்லை, அவ்வளவுதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் ரப்பர் குழாய்களுக்கும் கார்பரேட்டருக்கும் வரும் தொல்லைகளை எந்த இக்னிஷனும் தீர்க்காது.

இனி, டிஸ்ட்ரிபியூட்டரை ஏன் எறியவில்லை என்பது. புதிய புஷ் கடைந்து போட்டு, பாயிண்ட் வைத்து, அது இருந்த இடத்திலேயே பொருத்தியிருக்கிறேன். பழைய காயிலும் தன் இடத்திலேயே இருக்கிறது. சென்ற தை அறுவடையின்போது நீடாமங்கலம் பக்கம் ஒரு களத்து மேட்டில் இரவு வண்டியை நிறுத்த நேர்ந்தது. நெல்லைத் தேடி வந்த எலி சென்சார் வயரை இரண்டாகக் கடித்துவிட்டது. காலையில் ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர, ஒரு பொறிகூட விழவில்லை. பிளக் வயர்களை இரட்டைக் காயில்களிலிருந்து உருவிப் பழைய கேப்பில் செருகி, பழைய காயிலுக்கு இணைப்புக் கொடுக்கக் கால் மணி நேரம் பிடித்தது. பாயிண்ட்டிலேயே ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு அந்தத் துளையைத் தகடு போட்டு அடைத்திருந்தால், லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அச்சான்றிதழில் இக்னிஷன் முறை பற்றிய பேச்சே இல்லை. ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய அது அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றினால் அசலுக்குத் திரும்பிவிடும் சென்சாரும் காயிலும் ‘பெரிய மாற்றம்’ ஆகுமா என்பதை அமைச்சகம் ஒரு வரியில் தெளிவுபடுத்தினால், ஆய்வு செய்யும் அலுவலருக்கும் உரிமையாளருக்கும் வாக்குவாதம் மிச்சமாகும். என்னைக் கேட்டால், ஆகாது. ஆனால் இன்ஜின் பிளாக்கில் புதிதாகத் துளை போடுவதும், டிஸ்ட்ரிபியூட்டர் துளையை நிரந்தரமாக அடைப்பதும் நிச்சயம் மாற்றமே. இந்த இடத்தில் நான் முதல் வாசகரின் பக்கம்.

மாற்ற நினைக்கும் டெல்டா நண்பர்கள் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரைத் தயவுசெய்து எடைக்குப் போட வேண்டாம். புஷ்ஷை எந்த லேத் பட்டறையிலும் கடைந்துவிடலாம். வார்ப்பு உடலைக் கடைய முடியாது. சென்ற மாதம் கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்கள் பித்தளைக் குழாய்களுக்கு நடுவே கிடந்தன. இரண்டை வாங்கி வந்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். மூன்றாவதன் தண்டு வளைந்திருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கும்பகோணம்.