இரண்டு நன்றி உள்ள ஊரில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

மட்டக்களப்பு, கல்லடி வீட்டு வாசலில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 4 வருஷப் படிப்பு முடிந்து ஹொங்கொங்கில் இருந்து வந்து மூன்று கிழமை ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "தனியக் கிடந்து என்ன பாடு பட்டியோ புள்ள" என்றுதான் கதையைத் தொடங்குகிறார்கள். பாடு பட்டது உண்மைதான். ஆனால் தனியப் படவில்லை.

முதல் நன்றி மட்டக்களப்புச் சந்தையில் மீன் விற்கும் மாமிக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னப் பிள்ளையிடம், "நிறத்த நம்பாதகா. கண்ணப் பாரு, செவுள விரிச்சுப் பாரு, விரலால அமத்திப் பாரு. குழி விழுந்தா வெச்சிட்டு வா" என்று சொன்னீர்கள். ஹொங்கொங் மீன் கடைகளில் தட்டுகளுக்கு மேலே சிவப்பு மூடி போட்ட விளக்குகள் தொங்கும். அந்த வெளிச்சத்தில் முந்தாநாள் மீனும் இப்போதுதான் தோணியால் இறங்கியது போல மினுங்கும். நெடுக்காகப் பிளந்து வைத்த மீனில் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். புதுசு என்று காட்ட அப்படி வைக்கிறார்கள். முதல் நாள் அதைக் கண்டு வெறுங்கையோடு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த முறை கூட வந்தவர் ஆய்வுகூடத் தோழியின் அம்மா. எனக்குக் கன்டனீஸ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஒரு மீனை எடுத்து விளக்குக்கு வெளியே கொண்டுபோய்க் கண்ணைப் பார்த்து, விரலால் அமத்தி, திருப்பி வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துக் கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். தோழி பிறகு சொன்னாள்: "இந்தப் பிள்ளையை ஏமாத்த ஏலாது என்று அம்மா சொல்றா." அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் அவரோடுதான் கடைத்தெரு.

அந்தப் பெயரை இரண்டே கிழமையில் நானே கெடுத்துக்கொண்டேன். ஷியுங் வான் பக்கம் டெ வூ ரோட் வெஸ்ட் என்றொரு தெரு. டிராமில் இருந்து இறங்கும்போதே கல்முனைச் சந்தையின் கருவாட்டு மணம் மூக்கில் ஏறியது. கண் கலங்கிவிட்டது, கருவாட்டுக்கு அழுதவள் நானாகத்தான் இருப்பேன். இங்கே நம் வீடுகளில் ஒருவரும் தின்னாத கடலட்டை அங்கே கண்ணாடிப் போத்தலுக்குள் நகை மாதிரி இருக்கிறது. சொதிக்குப் போடலாம் என்று காய்ந்த சிப்பிச் சதையைக் காட்டினேன். மட்டையில் 20 டொலர் என்று எழுதியிருந்தது. ஒரு விரலைக் காட்டினேன். நிறுத்துக் கட்டிவிட்டுக் கேட்டார்கள் 320.

அங்கே நிறுவை கன் கணக்கு. ஒரு கன் கிட்டத்தட்ட 605 கிராம். அதில் 16 பங்கு, ஒரு பங்குக்குப் பெயர் லியோங். நம் ஆட்கள் இன்னும் பாணுக்கு றாத்தல் சொல்வது போல இவர்களும் இதை விடவில்லை. மட்டையில் இருந்தது ஒரு லியோங்கின் விலை, நான் விரல் காட்டியது ஒரு கன்னுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். கையில் அவ்வளவு காசு இல்லை. தோழியின் அம்மா பையைத் திருப்பிக் கொடுத்து, பேசி, இரண்டு லியோங் மட்டும் வாங்கித் தந்தார். வெளியே வந்து "கன்", "லியோங்" என்ற இரண்டு எழுத்தையும் என் உள்ளங்கையில் பேனையால் எழுதினார். இரண்டு நாள் கை கழுவப் பயந்தேன்.

ஷாம் ஷுய் போவில் அப்லியு தெருவில் பழைய சாமான் பரப்பி விற்கும் தாத்தாவுக்கு ஒரு நன்றி. வீட்டில் இருந்து கொண்டுபோன கிரைண்டரின் பிளக்கில் மூன்று உருண்டைக் கம்பி. அங்கே சுவரில் தட்டைக் கம்பிக்கான ஓட்டை. அவர் பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஃபியூஸ் வைத்த புதுசு ஒன்றைப் பூட்டினார். பிறகு சும்மா இருக்காமல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அம்மா இடித்த மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. மூன்று தும்மல். காசு வாங்க மறுத்துவிட்டார். தும்மினதே போதும் என்பது போலக் கையைக் காட்டினார்.

சுங்கிங் மென்ஷன் என்ற கடைக் கட்டிடத்தில் மசாலா வாங்கித் தந்த காயல்பட்டினத்துக் காக்காவுக்கும் நன்றி. நம் காத்தான்குடி போல அவர்கள் ஊரிலும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கறிவேப்பிலை வரும் நாளைச் சொல்லி அனுப்புவார். அவருக்கு நான் தமிழிலேயே நன்றி சொன்னேன், வேறென்ன.

பறவைச் சந்தை எனக்குப் பிடிக்கவில்லை. குருவிக்குத் தீனியாக உயிர் வெட்டுக்கிளியைப் பையில் கட்டி விற்கிறார்கள். துங் சோய் தெருவின் வளர்ப்பு மீன் சந்தை வேறு கதை. தண்ணீரும் மீனுமாகக் கட்டிய பைகளை, இங்கே ஐஸ் பக்கட் தொங்கவிடுவது போல, வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மீனைக் கறிச்சட்டியில் மட்டுமே பார்த்துப் பழகிய நான் அங்கே ஒரு மணித்தியாலம் நின்றேன்.

சீனப் புதுவருஷத்துக்கு முதல் கிழமை தோழியின் அம்மா பூச்சந்தைக்குக் கூட்டிப்போய், குட்டித் தோடம்பழம் மாதிரிக் காய்த்த செடி ஒன்றைச் சாடியோடு வாங்கி என் கையில் தந்தார். "ம் கோய்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அங்கே நன்றிக்கு இரண்டு சொல். வழி சொன்னால், சில்லறை மாற்றித் தந்தால், கதவைத் திறந்து பிடித்தால் "ம் கோய்." பரிசு தந்தால் "தோ ச்சே." கலந்து சொன்னால் ஆளை விளங்கிவிடும், ஊருக்குப் புதுசு என்று.

பிளக் பூட்டித் தந்த தாத்தாவுக்கு எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தோழியோடு வாதாடுகிறேன். வேலைக்கு ஒன்று, வாங்காத காசுக்கு மற்றது என்கிறாள். அவளின் அம்மாவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று நேற்று பார்சலில் போட்டேன். எப்படிக் கட்டுவது என்று படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன்.

மாமி, செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருவேன். கீரி மீன் வந்தால் எனக்கு ஒரு கூறு எடுத்து வையுங்கள். அமத்திப் பார்த்துத்தான் வாங்குவேன், கோவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லடிப் பிள்ளை