இரண்டு பலகைகளுக்கும் ஒரு கட்டு வெள்ளைத் தாளுக்கும் நன்றி

திருகோணமலைச் சாரணர் துருப்புகளுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் பலருடைய வீட்டுச் சுவரிலும் அதே உயரத்தில் அதே கோடு கிடக்கிறது. எங்கள் சாமான் அறையின் நிலம் இன்னும் முழுதாகக் காயவில்லை. ஆனால் பெப்ரவரி முதல் ஜூலை வரைக்குமான பருவத் திட்டம் நேற்றிரவு எழுதி முடிந்து, இன்று காலை சாரணர் மாவட்ட ஆணையாளரின் கைக்குப் போய்விட்டது. போன கையோடு இதை எழுதுகிறோம். நாலு நாள் ஆறப்போட்டால் வெறும் சம்பிரதாயமாகிவிடும்.

முதலில் பலரை ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கூடாரங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரத் தூள் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, தையல் மடிப்பிலும் ஈரம் இல்லாமல் காயவைத்துத் தந்த தாய்மாருக்கு நன்றி. தூள் போட்டால் துணியில் இருக்கும் நீர் தாங்கும் பூச்சு போய்விடும். ஈரத்தோடு மடித்தால் சில நாளிலேயே கரும்பூஞ்சணம் பிடிக்கும். மூங்கில் கம்புகளைச் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்த பழைய சாரணர்கள், கோயில் மண்டபத்தையும் பள்ளிவாசல் மண்டபத்தையும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாற்றி மாற்றித் திறந்துவிட்டவர்கள், வாடகை வாங்காத வான்காரத் தம்பி, பெற்றோர் அனுமதிப் படிவத்தை எத்தனை பிரதி என்று எண்ணாமலே அடித்துத் தந்த போட்டோக்கொப்பிக் கடைக்காரர், வெளிநாட்டிலிருந்து கயிறும் முதலுதவிப் பெட்டியும் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் எங்கள் கைகூப்பு.

மீதி முழுவதும் ஒருவருக்கு. அவர் ஓய்வுபெற்ற இலிகிதர். பெயர் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே ஐயா என்றே எழுதுகிறோம். அவர் சாரணர் கழுத்துப்பட்டி கட்டியவரல்ல. அவர் வீட்டுப் பிள்ளை எவரும் எங்கள் துருப்பில் இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள், நனைந்த பதிவேடுகள் வாசலில் குவிந்துகிடந்த நேரம், கக்கத்தில் இரண்டு ஒட்டுப்பலகையும் கையில் ஒரு கட்டு அச்சடிக்காத வெள்ளைத் தாளுமாக வந்தார். முதல் சொன்ன வார்த்தை: "வெயில்ல மட்டும் வச்சிராதீங்க, தம்பி."

அந்த ஒரு சொல்லால் தப்பியது எது என்பதைச் சாரணர் வேலையில் இருப்பவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். கூடாரம் போனால் வேறு கூடாரம் இரவல் வாங்கலாம். பிள்ளைகள் பெறும் சின்னங்களின் பதிவேடு போனால் பிள்ளையின் வருடங்கள் போகும். சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, அதற்குமேல் சனாதிபதி சாரணர் விருது என்று ஏறும் ஒவ்வொரு படிக்கும் எந்தத் தேதியில் எந்தத் தேர்வு முடிந்தது, யார் சோதித்துக் கையெழுத்திட்டார் என்ற பதிவு வேண்டும். கடைசிப் படியை 18 வயதுக்குள் முடித்தாக வேண்டும். 17 வயதுப் பிள்ளையிடம் "முதலில் இருந்து செய்" என்று எந்த வாயால் சொல்வது?

ஐயா செய்ததைப் படிப்படியாக எழுதுகிறோம். இன்னொரு துருப்புக்கு, ஒரு பாடசாலைக்கு, ஒரு சங்கத்துக்கு உதவும். நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும், ஆகவே முதல் நாளே தொட வேண்டும். மூடியிருக்கும் கொப்பியை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை இழுத்தால் மேற்பரப்பு எழுத்தோடு உரிந்து வரும். தானாகத் திறக்கும் இடங்களில், 10 அல்லது 12 தாளுக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகினார். வர்ண அச்சுப் பத்திரிகை கூடாது, மை இந்தப் பக்கம் ஏறிவிடும். செருகும் தாள் கொப்பியின் தடிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் முதுகு வெடிக்கும், அதையும் அவரே விரலால் அளந்து பார்த்தார். பிறகு கொப்பியை நிமிர்த்தி விசிறிபோல் சற்று விரித்து நிறுத்தி, மின்விசிறியைக் கொப்பிக்கு நேரே திருப்பாமல் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டார். அறையில் காற்று நகர்ந்தால் போதும், தாள் படபடக்கத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை செருகிய தாள்களை எடுத்து உலர்ந்ததை வைத்தார். எடுத்த ஈரத் தாள்கள் கொடியில் தொங்கின, காய்ந்ததும் மறுபடி உள்ளே போயின. ஒரே கட்டுத் தாள் முழு வேலைக்கும் போதுமானது அப்படித்தான்.

அட்டையில் அப்பியிருந்த சேற்றை ஈரத்தோடு துடைக்கப் போனவர்களைத் தடுத்தார். ஈரச் சேறு தேய்க்கத் தேய்க்க நாருக்குள் இறங்கும். காயவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டினால் பொடியாக உதிர்ந்துவிடும். தொட்டுப்பார்த்தால் குளிர்ச்சி மட்டும் மிஞ்சுகிற பதத்தில்தான் அந்த இரண்டு பலகைகளும் வேலைக்கு வந்தன: கொப்பி நடுவில், மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, மேற்பலகையில் நாலு செங்கல். அதற்கு முன்பே பாரம் ஏற்றினால் உள்ளே ஈரம் அடைபட்டுப் புழுங்கும். ஏற்றாமலே விட்டால் தாள் அப்பளம்போல் நெளிந்து காயும்.

இப்படி 14 கொப்பிகள், ஐந்து நாள். காலை ஏழரைக்கு வருவார், சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் மறுபடி வருவார். ஒரு பிளேன்டீக்கு மேல் எதையும் வாங்கவில்லை.

எல்லாம் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போல்பொயின்ற் பேனையால் எழுதியது நின்றது. பென்சில் நின்றது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் காபன் பிரதி அப்படியே நின்றது. ஜெல் பேனை கரைந்து நீலப் புகையாகிவிட்டது. றப்பர் முத்திரைகள் ஊதா நிறத்தில் பரவி, எது யாருடைய முத்திரை என்றே தெரியவில்லை. ஐயா அழிந்ததை ஊகித்து நிரப்ப விடவில்லை. அழிந்த இடத்தை அழிந்தபடியே விட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு இலக்கம் இட்டு, வேறு ஆதாரம் தேடச் சொன்னார். பிள்ளைகள் தம்மிடம் வைத்திருக்கும் சின்னங்களின் பதிவுப் புத்தகம், அணித் தலைவரின் வருகைக் கொப்பி, பாசறைச் சந்தா வாங்கிய பற்றுச்சீட்டின் காபன், சின்னம் சூட்டிய நாளின் படம். இவற்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் புதிய பதிவேட்டில் ஏறியது, அதுவும் சிவப்புக் கோட்டின் கீழ், "மீளப் பதிந்தது" என்ற குறிப்போடு. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் மாவட்ட ஆணையாளர் மறுபடி கையெழுத்திட்டார் என்று நம்புகிறோம்.

இதோடு அவர் போயிருந்தாலே எங்கள் கடன் தீராது. ஆறாம் நாளும் வந்தார். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, அடிமட்டத்தால் 26 கட்டங்கள் போட்டார், ஒரு சனிக்கிழமைக்கு ஒரு கட்டம். "என்னென்ன செய்யப் போறீங்க எண்டு பிறகு எழுதலாம். எது எது ஏலாத நாளோ அதை முதல்ல எழுதுங்க."

திட்டம் போடும்போது எல்லோரும் ஆசையிலிருந்துதான் தொடங்குவது. ஒரு கடற்கரைப் பாசறை, கன்னியாய் வெந்நீரூற்று வரை ஒரு நடைப்பயணம், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பிறந்தநாளான நிறுவுனர் தினம், பிள்ளைகள் சிறுவேலை செய்து துருப்புக்குக் காசு சேர்க்கும் வேலை வாரம் என்று நிரப்பிவிட்டுப் பிறகு பரீட்சை வந்து இடிக்கும், பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். இந்த முறை மறுவளம். தவணைப் பரீட்சைக்கு மூன்று கட்டம் அடைபட்டது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்துக்கு இரண்டு. நோன்புப் பெருநாளுக்கு ஒன்று, பங்குனித் திருவிழாவுக்கு ஒன்று, பெரிய வெள்ளி வாரத்துக்கு ஒன்று, வெசாக்குக்கு ஒன்று. மூன்று மொழி பேசும், நாலு சமயத்துப் பிள்ளைகள் ஒரே கொடியின் கீழ் நிற்கும் ஊர் இது. ஒரு வீட்டின் பெருநாளில் பாசறை வைத்தால் அந்த அணி உடையும். ஒன்பது போக மிச்சம் 17. அதில் இரண்டை ஒன்றுமே எழுதாமல் வெறுமையாக விடச் சொன்னார். மழை, மரணவீடு, எதிர்பாராத பாடசாலை விழா எல்லாம் விழுவது அந்த இரண்டில்தான். மீதி 15இல் பத்து சாதாரணக் கூட்டம், சின்னங்களுக்கான தேர்வு மூன்று, ஒரு நடைப்பயணம், இரண்டு இரவுப் பாசறை ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரே பாசறையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அனுமதியும் சாமானும் பணமும் சரியாக அமைந்த ஒரு பாசறை, அரைகுறையாக நடக்கும் மூன்றைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் கொடுக்கும் என்பது எங்கள் முடிவு.

நோன்பு மாதத்தில் கூட்டம் நிற்காது, காலை எட்டு மணிக்கு மாறும். ஓட்ட விளையாட்டுக்குப் பதில் முடிச்சும் வரைபடமும். மற்றக் கூட்டங்கள் 90 நிமிடம்: கொடிக்குப் பத்து, சீருடைப் பார்வைக்கும் சந்தாவுக்கும் பத்து, விளையாட்டுக்குப் பத்து, திறனுக்கு முப்பது, ஒவ்வொரு அணியும் தன் அணித் தலைவரோடு தனியாகக் கூடும் அணி மூலைக்குப் பதினைந்து, மறுபடி விளையாட்டுக்குப் பத்து, முடிவுக்கு ஐந்து. அணி மூலையின் பதினைந்தைத்தான் எங்களைப் போன்ற தலைவர்கள் வழக்கமாகத் தின்றுவிடுவது. அந்த நேரத்தைப் பறித்தால் அணித் தலைவர் பெயருக்குத் தலைவராகிவிடுவார், ஆகவே அதில் யாரும் கைவைப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம்.

பாசறைக்கு நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணினோம். எட்டு வாரத்துக்கு முன் இடத்துக்குரியவரின் எழுத்துச் சம்மதம், அதிபர் கடிதம், மாவட்ட ஆணையாளர் அனுமதி. ஆறு வாரத்துக்கு முன் பெற்றோர் படிவம், திருப்பித் தரவேண்டிய தேதி முதல் வரியிலேயே. அந்தத் தேதி இல்லாத படிவம் புத்தகப் பைக்குள் உறங்கும். படிவத்தில் இரண்டு தொலைபேசி இலக்கம் கட்டாயம். கடலுக்குப் போன தகப்பனின் போன் வேலை செய்யாது. நாலு வாரத்துக்கு முன் பொலிஸ், கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூவருக்கும் அறிவிப்பு. இரண்டு வாரத்துக்கு முன் ஒவ்வாமை, ஆஸ்துமா, வழக்கமாகக் குடிக்கும் மருந்து ஆகிய விபரம். கடைசி வாரம் சாப்பாடு: வளரும் பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு 150 கிராம் அரிசி, ஆகவே 32 பேருக்கு ஒரு நேரம் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைய. குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர், கரையோரக் கிணறுகள் உவர்க்கலாம் என்பதால் கொண்டுபோக வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலோடு அடிக்கும். கூடாரத்தின் வாய் தென்மேற்கைப் பார்க்கக்கூடாது. மணலில் சாதாரண முளை ஒரு வீச்சுக்குத் தாங்காது. உரப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்தால் அசையாது.

பணத்துக்கு ஐயா ஒரே ஒரு மாற்றம் சொன்னார்: வேலை வாரத்தில் பிள்ளை கொண்டுவரும் காசு அன்றைக்கே எண்ணப்பட்டு, அன்றைக்கே பற்றுச்சீட்டு எழுதப்பட்டு, அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும். "நாளைக்கு எழுதுவம்" என்று லாச்சியில் வைக்கும் காசில்தான் கணக்குப் பிசகும், பிறகு நல்ல மனுசர் மேல் சந்தேகம் விழும்.

இலங்கையில் 1912இல் மாத்தளையில் தொடங்கிய இயக்கம் இது. 2024 பெப்ரவரியில், நாடு முழுவதிலுமிருந்து சாரணர் கூடும் தேசிய ஜம்போரி எங்கள் ஊருக்கே வந்தது. அந்த நாட்களின் வருகைப் பதிவும் ஐயா காப்பாற்றிய கொப்பிகளில் ஒன்றில்தான் இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கள். அவர்களில் சிலர் இப்போது அணித் தலைவர்கள்.

ஊரறியச் சில வாக்குகள் தருகிறோம். இனி எந்தப் பதிவேட்டிலும் ஜெல் பேனை படாது. எந்தக் கொப்பியும் நிலத்தில் இராது. மூடி கவ்வும் பிளாஸ்ரிக் பெட்டியில், ஆள் உயரத் தட்டில் இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை கொடி இறங்கியதும் ஒரு அணித் தலைவர் அந்த மாதத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்புவார், அதில் ஒருவர் ஊருக்கு வெளியே இருப்பவர். ஒட்டிய தாளைப் பிரிக்காமல் உலர்த்தும் முறை அணித் தலைவர் பயிற்சியில் ஒரு பாடமாகச் சேர்ந்துவிட்டது. வேண்டுமென்றே நனைத்த பழைய கொப்பி ஒன்றை அதற்காகவே வைத்திருக்கிறோம்.

ஐயா, 26 கட்டத் தாள் சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. பெப்ரவரி 22, நிறுவுனர் தினக் கொடியேற்றத்துக்கு நீங்கள் வர வேண்டும், பின்வரிசையில் நிற்க விடமாட்டோம். உங்கள் பலகைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாம் அணியின் வருகைக் கொப்பி இன்னும் அவற்றின் நடுவில் கிடக்கிறது, நாலு செங்கல்லோடு. அது காய்ந்ததும் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
சாரணர், குருளைச் சாரணர் தலைவர்கள்
திருகோணமலை