மிச்சமாக வரும் வெள்ளம்

டெல் அவீவ் அருகில்,
2024 அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீடாமங்கலத்தில் தாங்களும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அக்டோபர் 1 இரவு, ஈரான் இஸ்ரேல் மீது ஏவுகணைகளை வீசியபோது, "அயர்ன் டோம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் ஓடி ஒளிகிறீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அன்றிருந்த பதற்றத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நம் தொலைக்காட்சிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரால் சொல்லிவிடுகின்றன. 2011-இல் வந்த அயர்ன் டோம் என்னும் வான் தடுப்பு அமைப்பு, பக்கத்திலிருந்து வரும் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. ஈரானிலிருந்து எழும் பாலிஸ்டிக் ஏவுகணையோ தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் எரிந்து, காற்றுமண்டலத்தையும் தாண்டி மேலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, வீசிய கல்லைப் போல வளைந்து, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் இறங்குகிறது. மொத்தப் பயணமே ஏறத்தாழ 12 நிமிடம்தான். அதை மறிப்பவை ஏரோ (Arrow) என்னும் தடுப்பு ஏவுகணைகள். ஏரோ 3 காற்றுமண்டலத்துக்கு வெளியே, வெடிமருந்தே இல்லாமல், நேராக மோதி உடைக்கிறது. அதற்குத் தப்பி இறங்குவதை ஏரோ 2 அருகில் வெடித்துச் சிதறடிக்கிறது.

இது தங்களுக்கு எளிதில் விளங்கும். மேட்டூரிலிருந்து வரும் உபரிநீரைக் கல்லணையிலேயே கொள்ளிடத்தில் தள்ளிவிட்டால், ஆறு மூன்றாகப் பிரியும் நம் மூணாற்றுத் தலைப்புக்கு வருவது மிச்சம் மட்டுமே; அந்த மிச்சத்துக்காகவும் தாங்கள் மணல் மூட்டை அடுக்கி இரவெல்லாம் கரையில் காவல் இருந்தவர்தானே. அன்று வந்த ஏறத்தாழ 180 ஏவுகணைகளில் பெரும்பாலானவற்றை வீழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் சில விமானப்படைத் தளங்களில் விழுந்தன. கொள்ளிடத்தில் தள்ளிய வெள்ளம் அந்தக் கரைக்காரர்களின் வாழைத் தோட்டத்தில் ஏறுவதுபோல, வானில் உடைத்ததும் எங்கேயோ விழத்தான் செய்கிறது. எரிகோ ஊருக்கு அருகில் விழுந்த பாகம் ஒன்று, காசாவிலிருந்து வந்து தங்கியிருந்த பாலஸ்தீனர் ஒருவரைக் கொன்றுவிட்டது. அவருக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

1991-இல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பிறகு, புதிதாகக் கட்டும் வீடு ஒவ்வொன்றிலும் 'மமாத்' என்னும் கனத்த கான்கிரீட் அறை வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் வீடு அதற்கு முந்தியது. மூன்றாம் மாடி, பாட்டிக்கு நடக்க முடியாது. கைப்பேசி அலறியதும் சக்கர நாற்காலியோடு படிக்கட்டுப் பகுதிக்கு வந்து, சன்னல் இல்லாத சுவரோரம் இருவரும் அமர்ந்துகொண்டோம். மேலே இடி போன்ற ஓசை வரும்போதெல்லாம் பாட்டி என் கையை அழுத்தினார். 1991-இல் விஷவாயுவுக்கு அஞ்சி முகமூடி மாட்டிக்கொண்டு, சன்னலை நாடா ஒட்டி அடைத்த அறையில் பிள்ளைகளோடு இருந்த கதையை எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

மமாத் உள்ள வீடாகப் பாட்டியின் மகன் தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது எல்லோரும் அதையே கேட்பதால் வாடகை ஏறிவிட்டதாம். கிடைக்கும்வரை படிக்கட்டுதான், அங்கே ஒரு பாயும், தண்ணீரும், பாட்டியின் மாத்திரைகளும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் மூன்றாம் மாடி என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்பு மகள்