பகடையை மாற்றிச் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த அதை நம் ஊர்ப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்று எழுதியது சந்தோஷம். ஆனால் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: பிள்ளைகள் மனம் வாடாமல் இருக்க, கதை நடத்துபவர் பகடையை அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டி, மோசமான எண் விழுந்தால் மாற்றிச் சொல்லிவிடலாமாம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். விடுமுறை நாட்களில் என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் கதை நடத்துபவராக, அதாவது டிஎம் ஆக, உட்காருகிறேன். சோபாவுக்கு அடியில் ஓடிய பகடை செல்லுமா, சாய்ந்து நின்றது செல்லுமா என்று அவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால், மறைத்து உருட்டுவதை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள் என்று தெரியும்! கண்டுபிடித்த பிறகு எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

கோளாறு பகடையில் இல்லை, தேவையில்லாத இடத்தில் உருட்டச் சொல்வதில் இருக்கிறது. ஒரு பூட்டு. திறக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. நான்கு பேரும் வரிசையாக முயன்றால் யாராவது ஒருவர் திறக்க 16-இல் 15 வாய்ப்பு. அவசரமும் இல்லை, காவலும் இல்லை என்றால் ‘சரி, திறந்தாச்சு’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

உருட்டத்தான் வேண்டும் என்றால், தோற்றால் என்ன ஆகும் என்பதை உருட்டும் முன்பே நான் முடிவு செய்துவிடுவேன். போன வாரம் திருடி வேடம் போடும் பெண்ணுக்கு இருபது முகப் பகடையில் 15 தேவை, 14 வந்தது. ‘பூட்டு திறந்துவிட்டது. ஆனால் உன் கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது. விடிந்ததும் காவலாளி சாவியைப் போட்டால் ஆள் நுழைந்தது தெரிந்துவிடும்’ என்றேன். வாடிய முகம் ஒன்றுகூட இல்லை. விடிவதற்குள் எப்படி வெளியேறுவது என்று ஆளுக்கொரு திட்டம். இது என் சரக்கு அல்ல. ஒன்றிரண்டு புள்ளியில் தவறினால் விலை கொடுத்து வெற்றி பெறலாம் என்று 2014 பதிப்பின் டிஎம் கையேடே ஒரு வழி சொல்கிறது. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற இன்னொரு கதை விளையாட்டு இதையே அடிப்படை விதியாக வைத்தது. இரண்டு ஆறுமுகப் பகடைகள். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஏதாவது இழந்து வெற்றி. திறமைக்கான கூட்டுப் புள்ளி எதுவும் இல்லாதவருக்கு அந்த நடு நிலை விழ 36-இல் 15 வாய்ப்பு.

கட்டுரையில் ரசித்து எழுதியிருந்த இன்னொரு வழக்கம், 1 விழுந்தால் வீரன் வாளைத் தவறவிட்டுக் குப்புற விழுவது. சிரிப்புக்குச் சரி. ஆனால் விதிப்படி 1 விழுந்தால் அடி படாது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு சேர்த்துக்கொண்டது. கணக்கையும் பாருங்கள். புதிதாக வந்த வீரன் ஒரு முறைக்கு ஒரு தடவைதான் வெட்டுவான். அதில் 1 விழ நூற்றுக்கு 5 வாய்ப்பு. பதினோராம் நிலையை எட்டியவன் மூன்று தடவை வெட்டுவான். ஒன்றிலாவது 1 விழ நூற்றுக்கு 14. தேறத் தேற அதிகம் தடுக்கி விழும் வீரன் எந்த ஊரில் இருக்கிறான்? 1 விழுந்தால், எதிரி கடைசி நொடியில் கேடயத்தைத் தூக்கிவிட்டான் என்று சொல்லிப் பாருங்கள். அடி தவறியது தவறியதுதான், ஆனால் வீரனுக்கு மானம் போகாது. மாதக்கணக்கில் ஒரு பாத்திரத்தை வளர்த்த பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

பாத்திரம் செத்துப்போவது மட்டும் வேறு. சின்னக் குழந்தைகள் ஆடும்போது அதை முழுக்க எடுத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை முதல் நாளே மேசையில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். உயிர் போகிற நேரத்தில் அட்டைக்குப் பின்னால் எண்ணைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.